அண்ணி போட்ட பூட்டு

காலையில் லேபிள் அச்சகத்தின் ஷட்டரைத் தூக்கியதும் கணினிகளை ஈரத்துணியால் துடைப்பது அண்ணியின் வேலை. கொழுந்தன் தின்றுவிட்டுப்போன பிஸ்கட் தூளைக் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுவதும் அதில் சேர்த்தி. முதலாளியின் மனைவியும் லேபிள்களை வடிவமைப்பவளும் அவள்தான். கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மிஷின் ஓட்டுபவருக்கும் வாடிக்கையாளருக்கும்கூட அவள் அண்ணியாகிவிட்டாள்.

அவள் கணினியில் ‘பொது’ என்றொரு ஃபோல்டர். கடையில் எந்தக் கணினியிலிருந்தும் அதைத் திறக்கலாம், பாஸ்வேர்ட் கிடையாது. அண்ணன் தம்பிக்குள் பூட்டு எதற்கு என்று மாமியார், வீட்டு பீரோவுக்குப் போட்ட சட்டம் இங்கேயும் செல்லுபடியானது. யார் வேண்டுமானாலும் நுழையலாம், மாற்றலாம், மாற்றவே இல்லை என்று சாதிக்கலாம். போன மாதம் இருமல் மருந்து லேபிளில் அவள் திருத்தி வைத்த அளவின்மேல் யாரோ பழையதைச் சேமித்துவிட்டார்கள். அச்சடித்ததெல்லாம் குப்பைக்குப் போனது. வடிவமைத்தது நீதானே என்று கணவரே பழியை அவள் தலையில் கட்டினார்.

இன்று கணினிகளில் புது மென்பொருள் ஏறியிருந்தது. ‘பொது’ திறக்கவில்லை. கொழுந்தன் கேபிளைப் பிடுங்கிச் செருகினான், மோடத்தை அணைத்துப் போட்டான். கடைசியில், ஈரத்துணி பட்டுத்தான் கெட்டிருக்கும் என்று தீர்ப்புச் சொன்னான்.

அண்ணி ரிப்பேர்காரருக்கு போன் போட்டாள். பாஸ்வேர்ட் இல்லாத ஃபோல்டருக்குள் போகப் புது மென்பொருள் மறுக்கிறது என்றார் அவர். அந்தக் கெடுபிடியைத் தளர்த்திப் பழையபடி விடலாம். இல்லை, ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, யார் எந்த ஃபைலைத் தொட்டார்கள் என்று பதியவும் வைக்கலாம். அவர் சொல்லச் சொல்ல அண்ணி இரண்டாவதைச் செய்தாள்.

மதியத்துக்குள் ‘பொது’ திறந்தது. திறக்கும்முன் பெயர் கேட்டது.

“என்னண்ணி, என் கடையிலயே என்னை யாருன்னு கேக்குது?”

“தெரியணும்ல தம்பி.”

“என்னைச் சந்தேகப்படுறீங்களா?”

“என் பேரும் அதுல இருக்கு. நான் தப்புப் பண்ணினா என்னைப் பிடிங்க. அடுத்தவங்க பண்றதுக்கு இனிமே நான் வாங்கிக் கட்டிக்க மாட்டேன்.”

மிஷின் ஓட்டுபவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் பெயரையும் போடச் சொன்னார். கொழுந்தன் அவரை முறைத்தான். அதற்குள் வீட்டுக்கும் சொல்லிவிட்டிருந்தான் போல; கல்லாவில் உட்கார்ந்திருந்த கணவரின் போன் அடித்தது. அவர் திரையைப் பார்த்தார், எடுக்கவில்லை.

“அம்மாதான். பழையபடி மாத்திடேன், எதுக்கு வீண் பேச்சு?”

“மாத்துறதுன்னா நீங்களே மாத்துங்க. நாளையிலிருந்து டிசைனும் நீங்களே போடுங்க.”

போன் நின்று, மறுபடி அடித்தது.

“இப்ப நான் அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?”

அண்ணி மேசைமேல் கிடந்த ஈரத்துணியை எடுத்துக்கொண்டு, அதை அலசக் கொல்லைக் குழாயடிக்குப் போனாள்.