ரெஜினா அக்காவின் ‘ஆமாங்க’

நோட்டீஸில் முதலில் என் கண்ணில் பட்டது பெயர் அல்ல. ‘அன்னாரின் விருப்பப்படி’ என்ற இரண்டு சொற்கள். தெமோதரை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், பசை காயாமல் சுவரில் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் மேலே இருந்த படத்தைப் பார்த்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்த ரெஜினா அக்கா. முதல் நாள் பதுளை ஆஸ்பத்திரியில் காலமாகியிருந்தார். அன்னாரின் விருப்பப்படி நல்லடக்கம் மறுநாள் மொனராகலையில், அவருடைய அண்ணன் சவரிமுத்துவின் ஊரில்.

எனக்கு அழுகை வரவில்லை. யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்ற சந்தேகம்தான் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் தோட்டத்துக் கல்லறையில் இருக்கிறார். அக்காவிடமோ கடைசி ஒன்றரை வருஷமாக ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லை வைத்து யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் விழுந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. வாயைத் திறந்தால் “ஆமாங்க” மட்டும் வந்தது. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமாங்க, வேண்டாமா என்றாலும் ஆமாங்க. இருபத்தைந்து வருஷம் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது நின்று சொன்ன சொல் அது. நன்றாக இருந்த காலத்தில் அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்: “பெரட்டுல ஆமாங்கன்னு சொல்லிரணும்டி. அப்புறம் மலைக்குப் போயி நம்ம நினைச்சதச் செய்யணும்.”

அவரைப் பகலில் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். பள்ளியில் வாசிக்க எழுப்பினால் எனக்குச் சத்தம் வராது. ஒன்பதாம் வகுப்போடு நின்று வீட்டில் இருந்தேன். அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் மேரி அத்தை வாசலில் நின்று சிரித்தார். “நல்ல ஜோடிதான். ஒன்னு பேச முடியாது, ஒன்னு பேசவே பேசாது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. அக்கா கூடவே பாடினார். ஒரு சொல் பிசகவில்லை, முழுப் பாட்டும். லயமே வாசலுக்கு வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் மேரி அத்தை, “ரெஜினா, தண்ணின்னு சொல்லு பாப்போம்” என்றார். “ஆமாங்க,” என்றார் அக்கா. “பாத்தீங்களா, பாட்டு வருதாம், தண்ணி வராதாம். நடிப்பு,” என்று அத்தை உள்ளே போய்விட்டார். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் அதைக் கேட்டேன். பாட்டும், ஒன்று இரண்டு எண்ணுவதும், பழகிப்போன பதிலும் மூளையில் ஒரு வழியாக வரும், புதிதாக ஒரு சொல்லைத் தேடி எடுத்துக் கோத்துப் பேசுவது வேறு வழி, இவருக்கு அடைபட்டது அந்த வழிதான் என்றார். கேட்பது பெரும்பாலும் விளங்கும் என்றும் சொன்னார். தலைக்குள் போய்ப் பார்த்தவர் யார்? நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, முகத்தை ஆட்டாமல், கையைக் காட்டாமல் கேட்டேன்.

“அக்கா, ரசத்துக்குப் புலி கரைக்கவா?”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இடது கையால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “ஆமாங்க” என்றார். ஒரு லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தலைக்குள் பத்திரமாக இருந்தது. காட்டுப் புலியும் கறிப் புளியும் தனித்தனியாக இருந்தன. வெளியே வருகிற கதவு மட்டும்தான் சாத்தியிருந்தது.

அடுத்த மாதம் சவரி அண்ணன் வேன் கொண்டு வந்தார். “ரெஜினா, எங்கூட மொனராகலைக்கு வர்றியா?”

“ஆமாங்க.”

“சொல்லிட்டா. சாமான எடுத்து வைங்க.”

அக்காவின் இடது கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியாது. “அக்கா, இங்கேயே இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க.”

“அப்போ நடிக்கிறா,” என்றார் அண்ணன்.

நான் அக்காவின் முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினேன். அவருடைய இடப்பக்கம் இருந்த கை இந்த வீடு, வலப்பக்கம் இருந்த கை மொனராகலை என்றேன். அவர் இடப்பக்கத்தைத் தொட்டார். அண்ணன் விடவில்லை. “அவளுக்கு அசையிறதே அந்தக் கைதான். கிட்ட இருக்கிறதத்தானே தொடுவா? என்ன ஏமாத்துறியா பாப்பா?” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் மாற்றி வைத்தேன். வலப்பக்கம் வீடு, இடப்பக்கம் மொனராகலை. அக்கா மூச்சுப் பிடித்து, இடது கையை மடிக்கு மேலே குறுக்கே கொண்டுபோய், வீட்டைத் தொட்டார். வேன் காலியாகத்தான் திரும்பியது.

ஆகவே, அந்த நோட்டீஸை நான் நம்பவில்லை. லயத்திலும் யாரும் நம்பவில்லை. “உசுரோட கொண்டு போக முடியல, பொணத்தையாவது தூக்கிட்டுப் போறான்,” என்றார் மேரி அத்தை. ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு வாரமும் அண்ணன்தான் பக்கத்தில் இருந்தார். ஒரு தடவை கேட்டிருப்பார், ஒரு ஆமாங்க கிடைத்திருக்கும். அப்படித்தான் நினைத்தேன்.

இந்த முப்பதாம் நாள் செபத்துக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். வாசிக்க என்னால் முடியாது, வேறு யாராவது வாசியுங்கள். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். யார் ஆமா என்றாலும் அதே கேள்வியைத் திருப்பி இன்னொரு தடவை கேட்பேன். என்னிடம் நானே கேட்கும் கேள்விகளையும் அப்படித்தான்.

நோட்டீஸைப் பார்த்த அன்றைக்கு, நானாக யாருக்கும் போன் எடுக்காத நான், அண்ணனுக்கு எடுத்தேன்.

“அண்ணே, அக்காகிட்ட எப்படிக் கேட்டீங்க?”

“நீ காட்டுன மாதிரித்தான் பாப்பா. அம்மா போட்டோ ஒரு பக்கம், மச்சான் போட்டோ ஒரு பக்கம். யார்கிட்ட போறேன்னு கேட்டேன். அம்மாவத் தொட்டா. அம்மா கல்லறை இங்க மொனராகலையிலதானே இருக்கு.”

“மாத்தி வச்சீங்களா?”

“வச்சேன். கை எட்டல. நாந்தான் முழங்கையத் தாங்கினேன்.”

“தாங்கினீங்களா, தள்ளினீங்களா?”

“தாங்கினேன்,” என்றார். “நீ கேப்பேன்னு தெரியும்.”

நான் மொனராகலை பஸ்ஸில் ஏறினேன்.