பெரியப்பா சோதித்த வெங்காய வளையங்கள்

பெரியப்பா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது அப்பா அதை நம்பவில்லை. விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்திலிருந்து பெரியப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்திருந்தார். "நீங்க யாரு, எங்கேருந்து பேசறீங்க? மொதல்ல அண்ணிகிட்ட போனக் குடுங்க" என்றார் அப்பா. பெரியம்மாவின் குரலைக் கேட்ட பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். யார் எதைச் சொன்னாலும் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள் என்று அப்பாவைப் பழக்கியவரே பெரியப்பாதான். தன் சாவுச் செய்தியும் சோதனை முடிந்து வீட்டுக்குள் வந்ததில் அவருக்குத் திருப்தியாகவே இருந்திருக்கும்.

பெரியப்பாவின் நினைவுக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்குத் தணிகாசலம் என்ற அவர் பெயரைவிடச் 'செக்கர்' என்ற பெயர்தான் பழக்கம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் பேருந்துகளை வழியில் நிறுத்தி, ஏறி, டிக்கெட் பரிசோதிக்கும் வேலை அவருடையது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை அவரை விட்டுப் போகவில்லை. ஒருமுறை அவருடன் திண்டிவனத்துக்குப் போனேன். கூட்டேரிப்பட்டில் பேருந்து நின்றதும் முன் இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா என் காதருகே குனிந்து, "பாத்தியா பாப்பா, நெசமா தூங்கறவனுக்கு வாய் தொறந்திருக்கும். இவன் ஒதட்ட இறுக்கி வச்சிக்கினு இருக்கான், டிக்கெட் வாங்கலபோல" என்றார். இறங்கும்போது அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் கசக்கிப் போட்டார். பெரியப்பா வருத்தப்படவில்லை. "டிக்கெட் வாங்கினவனா? சரி, நல்லவன். ஆனா சந்தேகப்பட்டது தப்பில்ல. சந்தேகப்பட்டுட்டு ஒரு வார்த்த கேக்காம உட்டுடறோம் பாரு, அதான் தப்பு" என்றார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. எண்ணெயில் பொரித்த எதையும் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருக்கோ மாலையானால் வெங்காய பஜ்ஜி வேண்டும். அவர் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் வசந்தா பெரியம்மா ஒரு மின்சார ஓவன் வாங்கினார். வெங்காயத்தை வளையமாக நறுக்கி, அதில் வைத்து, எண்ணெய்ச் சட்டி இல்லாமலே மொறுமொறுப்பாக எடுக்கலாம் என்று கைபேசியில் ஒரு பெண் செய்துகாட்டும் வீடியோவைக் காட்டினார். பெரியப்பா அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

"ஏமாத்தறா" என்றார். "உள்ள போன தட்டு வேற, வெளிய வந்த தட்டு வேற. நடுவுல வெட்டிட்டா பாரு."

"ஒங்களுக்கு யாரத்தான் நம்பிக்க?" என்றார் பெரியம்மா.

"ஒன்ன நம்பறேன். அந்தத் தட்ட நம்பல."

முதல் நாள் பெரியம்மா பஜ்ஜிக்குக் கரைப்பதுபோலவே கடலை மாவைக் கரைத்து வளையங்களை முக்கி வைத்தார். மாவெல்லாம் வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது. பெரியப்பா கத்தியால் சுரண்டி எடுத்து, "வளையம் இல்லடி, இது அடை" என்றார். அடுத்த முறை பெரியம்மா ரஸ்க்கைப் பொடித்துப் புரட்டினார். மேலே மொறுமொறுப்பு, கீழே சொதசொதப்பு. அதற்கு அடுத்த முறை நான் விடுமுறைக்குத் திண்டிவனம் வந்திருந்தேன். பெரியப்பா ஓவனுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக் கையில் டார்ச்சுடன் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக் கதவுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் எழுந்தார்.

"வசந்தா, ஒன் வண்டில ஓவர்லோடு. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தியிருக்க. கூட்டமா ஏத்துனா வேர்க்காம இன்னா பண்ணும்? எல்லாருக்கும் சீட்டு குடு."

அதுதான் சரியாக இருந்தது. அன்றிலிருந்து வளையங்கள் ஒன்றையொன்று தொடாமல் உட்கார்ந்தன. பெரியம்மா செய்முறையை ஒழுங்குபடுத்திக்கொண்டார். பெல்லாரி வெங்காயத்தைக் கட்டை விரல் தடிமனுக்கு நறுக்கி, வளையங்களைப் பிரித்து, துணியால் ஈரத்தை ஒற்ற வேண்டும். முதலில் காய்ந்த கேப்பை மாவில் புரட்டினால்தான் மேற்பூச்சு பிடிக்கும். பிறகு கெட்டி மோரில் உப்பும் மிளகாய்த் தூளும் கேப்பை மாவும் கரைத்து அதில் முக்க வேண்டும். ரஸ்க் தூளில் ஒரு ஸ்பூன் மல்லாட்டை எண்ணெய், அதாவது வேர்க்கடலை எண்ணெய், விட்டுப் பிசிறி, வாணலியில் பொன்னிறமாக வறுத்து வைத்துக்கொண்டு, அதில் புரட்ட வேண்டும். ஓவனும் தட்டும் முன்பே நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும்.

நன்றாக வந்ததும் பெரியப்பாவின் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. எண்ணெய் இல்லாமல் இவ்வளவு மொறுமொறுப்பு வராது, தன்மேல் உள்ள இரக்கத்தில் பெரியம்மா ரகசியமாகப் பொரித்தெடுத்து ஓவனில் சூடு காட்டுகிறார் என்று அவருக்குப் பட்டது. என்னைத் தனியே அழைத்தார். "நீ சமையக்கட்டுல நில்லு. படிக்கிற மாரி நில்லு. கண்ண மட்டும் எடுக்காத."

நான் புத்தகத்துடன் போய் நின்றேன். பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னாடி, செக்கிங் ஸ்குவாடா? வா, வந்து வெங்காயம் உரி" என்றார்.

நான் பார்த்ததைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அது போதவில்லை. ஒரு வளையத்தைச் செய்தித்தாளில் வைத்து அமுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பிடித்தார். புள்ளி புள்ளியாக மட்டும் கசிந்திருந்தது. "ஒரு ஸ்பூன்" என்றார் பெரியம்மா. "ஒரு ஸ்பூன்தான்" என்று பெரியப்பா ஒப்புக்கொண்டார். அதன் பிறகு ஒரு நாளும் அவர் தாளை எடுக்கவில்லை. பேருந்து நிலைய டீக்கடையில் பஜ்ஜியை நீட்டியவர்களிடமெல்லாம், "எங்க வூட்ல எண்ணெ இல்லாம பண்றாங்க. நான் பாத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயில் 'நான் பாத்துட்டேன்' என்பது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி.

சாவு வீட்டில்தான் எல்லாம் தலைகீழானது. பிரம்மதேசத்திலிருந்து அவருடைய அக்கா, என் அஞ்சலை அத்தை வந்திருந்தார். அழுதுகொண்டே, "வெங்காயத்தப் பொரிச்சுப் போட்டே எந்தம்பிய அனுப்பிட்டாளே" என்றார். கூடத்தில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். தெருவில் சிலர், சாயங்காலமானால் அந்த வீட்டிலிருந்து வெங்காயம் வேகும் வாசனை வரும் என்றார்கள். அது உண்மைதான். பெரியம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. ஓவனைப் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே ஒரு நிமிடம் மனம் தடுமாறியது. நான் விழுப்புரத்தில் இருந்த நாட்களில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏன் இவர் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்?

காரியத்துக்கு முதல் நாள் படையல் பேச்சு வந்தது. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். பெரியம்மா அந்த வளையங்களையும் வைக்க வேண்டும் என்றார். அத்தை எழுந்து நின்றுவிட்டார்.

"எதத் துன்னுட்டு போனானோ அதையே எலையில வெப்பியா? நான் உக்கார மாட்டேன்."

அத்தை உட்காராவிட்டால் அவர் பக்கத்து உறவு யாரும் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா அந்த உறவுக்குள் தலைநிமிர முடியாது. எனக்குக் கோபம் வந்தது. "அத்தை, அதுல எண்ணெ இல்ல. நான் இப்பவே செஞ்சு காட்றேன், வந்து பாருங்க" என்றேன்.

"துக்க வூட்ல காரியம் முடியாம எண்ணெ சட்டி வெக்கக் கூடாதுன்னு தெரியாது ஒனக்கு? இன்னா படிக்கிற நீ?"

"எண்ணெ சட்டியே இல்ல அத்தை. சட்டி வெச்சா நீங்களே தூக்கித் தெருவுல போடுங்க."

அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றார். பெரியப்பாவைவிடக் கூர்மையாகப் பார்த்தார். எண்ணெய்க் குப்பியை எடுத்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பூனை அவரே அளந்து விட்டார். "இவ்ளோதானா?" என்றார். "அவ்ளோதான்" என்றேன். ஓவன் வேலை செய்த நேரம் முழுவதும் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நின்றார். சிவந்த வளையங்களை வெளியே எடுத்தேன். ஒன்றை உடைத்தார். சத்தம் கூடம் வரை கேட்டிருக்கும். விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். முந்தானையில் துடைத்துக்கொள்ள அவசியம் இருக்கவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அத்தையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. உடைத்த வளையத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"அப்ப நான் போட்டதுதானா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அத்தை என்னைப் பார்த்துப் பேசவில்லை. பின்னால் வந்து நின்ற பெரியம்மாவிடம்தான் பேசினார். "சாவறதுக்கு மொத நாளு எங்க ஊருக்கு வந்தான் வசந்தா. ஆசையா கேட்டான்னு பஜ்ஜி போட்டேன். ஒன்னாண்ட சொல்லாதன்னு சிரிச்சிக்கினே துன்னான்."

"தெரியும் அண்ணி" என்றார் பெரியம்மா.

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து செருப்பக் கழட்டும்போதே சொல்ட்டாரு. அக்கா வூட்ல பஜ்ஜி துன்னுட்டேன், அதுகிட்ட எதுவும் கேக்காத, நான்தான் கேட்டு வாங்கித் துன்னேன்னாரு. ராத்திரிக்குக் கஞ்சி குடிச்சாரு."

"தெரிஞ்சுமா இத்தினி நாளும் வாய மூடிக்கினு இருந்த? நான் ஊரக் கூட்டி ஒன்னப் பேசினேனேடி."

"டாக்டர்கிட்டயும் கேட்டேன் அண்ணி. ஏற்கெனவே பாதி வேல செய்யாத நெஞ்சு, ஒரு நாளு பஜ்ஜியால நின்னுடலன்னாரு. நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா அந்தப் பஜ்ஜிப் பேச்சு ஒங்க தலையிலதான் வந்து உக்காரும். கொலகாரின்னு சொல்ல ஒருத்தி வேணும்னா அது நானாவே இருக்கட்டும்னு உட்டுட்டேன். நீங்க கூடப் பொறந்தவங்க."

அத்தை தரையில் உட்கார்ந்து அழுதார். சாவு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அழுத அழுகைகளில் இது மட்டும்தான் சத்தமில்லாமல் இருந்தது. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்குக் காரியம் முடிஞ்சதும் எண்ணெ சட்டி வெப்போம். பஜ்ஜிய நீங்க போடுங்க. ரெண்டுமே அவருக்குப் புடிச்சதுதான்" என்றார். அப்படியே நடந்தது. இலையில் வளையங்களை அத்தை வைத்தார், பஜ்ஜியைப் பெரியம்மா வைத்தார்.

அந்த வீட்டில் அத்தனை நாளும் எல்லோரும் யாரையாவது சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். அத்தை பெரியம்மாவை, தெரு பெரியம்மாவை, நானும் பெரியம்மாவை. அத்தை தன்னையும் சந்தேகப்பட்டிருக்கிறார், அதனால்தான் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கிறார். சந்தேகமே இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் பெரியம்மா ஒருவர்தான். திண்டிவனத்திலேயே அதிகமாகச் சந்தேகப்பட்ட மனிதரால் தன் மனைவியை மட்டும் அப்படிச் சந்தேகமில்லாமல் விட்டுவிட்டுப் போக முடிந்திருக்கிறது. வாசல் தாண்டுவதற்குள் தன்னைப் பற்றிய உண்மையைத் தானே சொல்லிவிட்டதால்தான் அது முடிந்தது.

அவர் மற்றவர்களைச் சோதித்த கதைகளை நீங்கள் நிறைய சொல்வீர்கள். சொல்லுங்கள், நானும் கேட்டுச் சிரிப்பேன். அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது செருப்பைக் கழற்றும்போது அவர் சொன்ன அந்தச் சொல்லை மட்டும்தான். யாரும் கேட்பதற்கு முன்பே, தான் தின்றதைச் சொல்லி, கொடுத்தவர்மேல் பழி வராமல் சொன்ன சொல்.