இரைந்த முன்சக்கரம்

கணவரின் பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், அவருடைய பூ வண்டியைச் சங்கரன்கோவிலில் ஒரு பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன். முன்சக்கரம் இரைகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இனிப் பூச்சந்தையிலிருந்து கோவில்பட்டிக்கு நான்தான் ஓட்ட வேண்டும். வேறு வருவாய் இல்லை.

பட்டறைக்காரர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"பேரிங் போச்சுக்கா. இதுக்கு ரெண்டு விதம் சேரும். டேப்பர்னா பாரம் நல்லாத் தாங்கும். ஆனா அப்பப்போ கழத்தி, கிரீஸ் வச்சு, இறுக்கம் பாக்கணும். சீல் வச்சதுன்னா மாட்டிட்டு மறந்துரலாம்; போச்சுன்னா முழுசா மாத்தணும்."

"எதைப் போட?"

"டேப்பரே போடுங்க. உங்க வீட்டு அண்ணாச்சி கிரீஸ் வச்சிருக்க அழகப் பாத்தாலே தெரியுதே, நல்லாப் பாத்துக்கிடுவாவ. ஆமா, வண்டிய உங்ககிட்டத் தந்துட்டு அவிய வீட்ல தூங்குதாவளோ?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

"சீல் வச்சதே போடுங்க. பாத்துக்கிட அவிய இல்ல. இறந்துட்டாவ."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தலைகுனிந்து வேலையைத் தொடங்கினார்.

அச்சொல்லை என் வாயால் சொன்னது அதுவே முதன்முறை. அழுகை வரவில்லை. திரும்பும் வழியில் சக்கரம் சிறிதும் இரையவில்லை. என் கணவர் விரும்பியது அந்த அமைதியைத்தான். அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.