மணலில் பதிந்த குதிகால்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தியை என் மகள் செல்விதான் கொண்டுவந்தாள். சின்னமனூரிலிருந்து பஸ்ஸில் வந்தவள், இடது முழங்காலைக் கையால் தாங்கிப் படியேறி, "அம்மா, டீச்சர் தவறிட்டாக" என்றாள். எனக்குக் கண்ணீருக்கு முன்னால் ஓர் எண்தான் வந்தது. ஒன்றரை.

உத்தமபாளையத்தில் அவரிடம் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய உங்களுக்கு அந்த மணல்குழி மறந்திருக்காது. குதித்து இறங்கும்போது மூட்டு எவ்வளவு அடி வாங்குகிறது என்று வெளிநாட்டில் ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளைத் தபாலில் வரவழைத்து, அகராதியை வைத்துக்கொண்டு படித்தவர் அவர். அவர்களுடைய கருவிகள் நம்மிடம் இல்லை. முல்லையாற்று மணல் இருந்தது. அதை நனைத்துப் பரப்பி, உங்களைக் குதிக்கச் சொல்லி, குதிகால் தடங்களில் ஸ்கேலை நட்டு அளப்பார். ஒரு தடம் ஆழமாக இருந்தால் மற்றக் கால் வலிக்குப் பயந்து ஒதுங்குகிறது என்று பொருள். அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் மூன்று வாரம் குதிக்கக் கூடாது.

"வயல்ல நண்டு வளையைத் தோண்டுனாலும் கொழம்புக்கு ஆகும் டீச்சர்" என்பார் வாட்ச்மேன், மணலில் தடம் அளப்பதைப் பார்த்து.

"கொழம்பை நீங்க வைங்க. முழங்காலை நான் பாத்துக்கிறேன்" என்று சிரிப்பார்.

நானாகவே எழுதப் படிக்கக் கற்றவள் நான். செல்வியைப் பயிற்சிக்குக் கூட்டிவந்த ஒருநாள், கோயில் விளக்குப் பூசைக்கு நான் எழுதிய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்த டீச்சர், "ஒரு அடித்தல் திருத்தல் இல்லையேக்கா! எங்க அளவுகளையும் நீங்களே எழுதுங்க" என்று ஒப்படைத்துவிட்டார்.

மதுரைப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. டீச்சர் ஆபீஸ் அறைக்குப் போயிருந்தார். செல்வி குதித்தாள், நான் அளந்தேன். வலது இரண்டு அங்குலம், இடது ஒன்றரை.

"எழுதிராதம்மா, லேசாத்தான் வலிக்கி. நான் மதுரைக்குப் போகணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் ஜெயிக்க வேண்டி வெள்ளிதோறும் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டு வந்தவள் நான். இரண்டு காலுக்கும் ஒன்றரை என்று எழுதினேன். தடத்தையும் காலால் கலைத்துவிட்டேன்.

மதுரையில் குதித்து இறங்கியபோது அவளுடைய இடது முழங்கால் மடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டீச்சர் அந்த அளவு நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "நீங்க சரியாத்தான் அளந்திருக்கீக அக்கா. நான் படிச்சதுதான் தப்பு. மணல் சொல்லிரும்னு நம்பிட்டேன்."

நான் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும் அவர் குழியை மூடினார். கட்டுரைகளை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பிறகு யாருடைய காலையும் அளக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்க்கும்போதெல்லாம், "செல்விக்குக் காலு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பார். இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அதற்குள் பஸ் வந்துவிடும். அல்லது என் பஸ் வந்துவிட்டதாகச் சொல்லி, நிற்கிற ஏதோ ஒன்றில் ஏறிவிடுவேன்.

அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அடக்கம் முடிந்து வந்த அன்று செல்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுடைய வலது காலுக்கு எழுதிய ஒன்றரையை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். நோட்டு முழுக்க அந்த ஒரே ஓர் அடித்தல்தான். டீச்சர் படித்தது தப்பில்லை. மணல் சரியாகத்தான் சொல்லியிருந்தது.