யுட்டா அம்மா இறந்த செய்தி

இல்செபேவால் ஓரிடத்தில் கால்மணி நேரம் உட்கார முடியாது. ஆறு வயதில் லிண்டென்வெர்டர் கன்னியர் மடத்தில் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்தே அப்படித்தான். ஜெபத்தின்போதும் கால் ஆடிக்கொண்டிருக்கும். அவளைத்தான் மடத்தின் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். பிழையில்லாமல் லத்தீன் எழுத அங்கே வேறு ஆள் இல்லை.

சொன்னவர் வேறு மடத்திலிருந்து அனுப்பப்பட்ட புதிய தலைவி ரிக்ஸா. ஐந்து மாதங்களுக்கு முன்பு ஆயரின் ஆணையோடும் பிரபுவின் வீரர்களோடும் சீர்திருத்தக்காரர்கள் வந்திறங்கினார்கள். தனி அறை, தனி அடுப்பு, ஊருக்குப் போய்வருவது எல்லாம் இனிக் கிடையாது என்றார்கள். கன்னியர்கள் கோயில் தரையில் குப்புறப் படுத்து, சாவுப் பாட்டை வந்தவர்கள்மேல் சாபமாகப் பாடினார்கள். எல்லாரையும்விட உரக்கப் பாடியவள் இல்செபே. ஒன்றும் பலிக்கவில்லை. பழைய தலைவி யுட்டாவை நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றித் தொலைவிலுள்ள வேறு மடத்துக்குக் கொண்டுபோனார்கள். வாசலுக்கு இரும்புக் கம்பி போட்டார்கள்.

"பழைய காலத்துல இங்க ஒழுங்கே இல்லன்னு எழுதும்மா" என்றார் ரிக்ஸா.

"ஒழுங்கு குறைஞ்சுதான் போயிருந்துச்சு அம்மா. நோன்பு நாள்லயே நான் கோழி தின்னுருக்கேன். ஆனா ஒழுங்கே இல்லன்னு எழுதினா பொய்யாயிடுமே?"

"சொன்னதை எழுது. வாயாடாத."

எழுதினாள். பத்து வரிக்கு ஒருமுறை எழுந்துபோய் முற்றத்தை மூன்று சுற்று சுற்றினாள். பக்கத்தில் அமர்ந்து தோல் ஏடுகளைத் தைத்துக்கொண்டிருந்த பென்னெகே சிரித்தாள்.

"இந்த நடைக்கு நீங்க இந்நேரம் ரோமுக்கே போய்ட்டு வந்திருக்கலாம், அக்கா."

"போறேன்டி. முதல்ல அந்தக் கம்பியக் கழட்டிக் குடு."

தவக்காலத்தின் இரண்டாவது வாரம் உப்புமீன் கொண்டுவந்த ஊர் மீன்காரி தாலெகே, கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றபடி குரலைத் தாழ்த்தினாள். "யுட்டா அம்மா போய்ட்டாங்க, தாயி. செவ்வாக்கிழமை. எம்பிள்ளைங்க சாப்பிட்டாங்களா, எம்பிள்ளைங்க சாப்பிட்டாங்களான்னு அதையே கேட்டுட்டு இருந்தாங்களாம்."

இல்செபே மீன்கூடையை அப்படியே விட்டுவிட்டுத் தலைவியிடம் ஓடினாள். ரிக்ஸா சிலுவை போட்டுக்கொண்டார். "எல்லாரும் ஜெபம் பண்ணுங்க. புத்தகத்துல ஏத்த வேண்டாம். ஆயருக்கே கீழ்ப்படியாதவங்க அவங்க."

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முற்றத்தில் நடந்தாள், படிக்கட்டில் ஏறி இறங்கினாள். நான்காம் நாள் நின்றபடியே இறகை மையில் தொட்டு ஒரே மூச்சில் எழுதினாள்: 'இந்த வீட்டை இருபத்திரண்டு ஆண்டு நடத்திய நம் தாய் யுட்டா, விருப்பமில்லாமல் கொண்டுபோகப்பட்டு, அந்நிய இடத்தில் இறந்தார்.'

அதைப் படித்த ரிக்ஸா, மை சுரண்டும் கத்தியை நீட்டினார். "சுரண்டு."

"சுரண்டறேன் அம்மா. ஆனா இந்தத் தோலு மெலிசு, ஓட்டை விழும். இங்க என்ன இருந்துச்சுன்னு பின்னால வர்றவங்க கேப்பாங்க. என்னைக் கேட்டா நான் சொல்லிடுவேன்."

ரிக்ஸா நீட்டிய கத்தியைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"என்னை மட்டும் கேட்டுட்டா இங்க அனுப்புனாங்க?" என்றார். "அந்த வரி இருக்கட்டும். ஆனா இனிமே நீ எழுத வேண்டாம்."

மறுநாள் புத்தகம் பென்னெகேயிடம் போனது. இல்செபேயை பீர் காய்ச்சும் கொட்டகைக்கு மாற்றினார்கள். முதல் வாரம் முழுக்க அழுதாள். யாராவது கேட்டால் புகை என்றாள். கிணற்றுக்கும் கொப்பரைக்கும் நாளைக்கு நாற்பது நடை. பார்லியை ஊறவைப்பதும் கிளறுவதும் கைக்குப் பழகியது. பென்னெகேவின் லத்தீன் சுமார்தான். சந்தேகம் வரும்போதெல்லாம் மைக்கறை விரல்களோடு கொட்டகைக்கு வந்து நிற்பாள்.

"அக்கா, போன வருஷ வெள்ளத்தை எப்படி எழுதறது?"

"தண்ணி எதுவரைக்கும் வந்துச்சோ, அதுவரைக்கும் எழுது" என்பாள் இல்செபே, கிளறும் துடுப்பைக் கீழே வைக்காமலே.