மால்சுன் போட்ட ஆறு விண்ணப்பங்கள்

பிள்ளைகளின் கல்லூரி விஷயம் பேசப் பெற்றோரைப் பள்ளிக்கு அழைப்பது கொரியாவின் துறைமுக ஊரான மொக்போவில் வழக்கம். கியூஹோவையும் அழைத்தார்கள், அவனுடைய அம்மா விஷயமாக.

அம்மா யாங் மால்சுன் பல வருஷம் அப்பாவோடு கணவாய் மீன் பிடிக்கும் படகில் கடலுக்குப் போனவள். நடுக்கடலில் எஞ்சின் மக்கர் பண்ணினால், "நீ தள்ளி நில்லு" என்பார் அப்பா. அந்த வார்த்தை அவளுக்கு ஆறவே இல்லை. ஐம்பது தாண்டியபின் பெரியவர்களுக்கான பள்ளியில் சேர்ந்து, கடைசி வகுப்பு வரை வந்துவிட்டாள். கப்பல் எஞ்சின் படிக்க வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

அந்தப் பள்ளிப் பெண்களோ உள்ளூர்க் கல்லூரிக்குச் சமூக நலம் படிக்கக் கூட்டமாகப் போவார்கள். ஒரே பஸ், ஒரே கிம்ச்சி ஊறுகாய் டப்பா.

"தம்பி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க," என்றார் ஆசிரியை. "உள்ளூர்ல ஒண்ணு போட்டு வச்சா நிச்சயம் எடுத்துக்குவாங்க."

"அதான் டீச்சர் பயமே," என்றாள் அம்மா. "எடுத்துக்கிட்டா, இதுவே போதும்னு என் மனசே சொல்லிடும்."

"எஞ்சின் கிளாஸ்ல எல்லாம் சின்னப் பசங்கம்மா. உங்களை ஆயான்னு நினைச்சு காபி கேப்பானுங்க."

"போட்டுக் குடுத்துட்டு முதல் பெஞ்சுல போய் உக்காருவேன். சின்னப் பிள்ளைங்க ஆறு காலேஜுக்கு விண்ணப்பம் போடலாம்னா நானும் ஆறு போடுவேன்."

கியூஹோ எழுந்து ஆசிரியைக்கு ஒரு கும்பிடு போட்டான். அவளை அதட்டும் தைரியம் ஊரில் எவனுக்கு உண்டு?

ஆறிலும் எஞ்சின் படிப்பையே போட்டாள். ஐந்து கல்லூரிகள் கை விரித்தன. பூசானில் ஒன்று மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வாசலில் நின்ற மாணவி கியூஹோவை நேர்காணல் அறைக்கும், அம்மாவைப் பெற்றோர் அறைக்கும் போகச் சொன்னாள்.

"மாத்திச் சொல்றியே கண்ணு. படிக்க வந்தது நான்."

கியூஹோ பெற்றோர் அறைக்குப் போய், கண்மூடி வேண்டிக்கொண்டிருந்த அம்மாக்களின் நடுவே உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

டிசம்பரில் இடம் கிடைத்த செய்தி வந்தது. பிள்ளைக்குக் கல்லூரி கிடைத்தால் பெற்றவர்கள் விருந்து வைக்க வேண்டும். கியூஹோ தான் வேலை செய்யும் பட்டறைக்கே எல்லோருக்கும் கறுப்பு நூடுல்ஸ் வரவழைத்தான்.

"என்னடா விசேஷம்? கல்யாணமே ஆகல, அதுக்குள்ள பிள்ளைக்குக் காலேஜா?" என்று சிரித்தார் மேஸ்திரி.

"எங்கம்மாவுக்குண்ணே! எஞ்சின் படிக்கப் போறாங்க!"

பட்டறை அதிரக் கத்திச் சொன்னான். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.