புளியங்குளத்தில் இறங்கிய பேணி

இன்று காலை பயறு வறுபடும் மணம் குசினியிலிருந்து கிளம்பி அறை வரைக்கும் வந்தது. நல்ல மணம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த மணத்துக்குப் பசி வருவதில்லை. எரிச்சல்தான் வரும். எங்கள் வீட்டில் பயறு வறுபட்டால் ஒன்று பெரியம்மா வரப்போகிறார், அல்லது பெரியம்மா இருக்கும் ஊருக்கு யாரோ போகப்போகிறார்கள். எங்களுக்காகப் பயறு வறுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. லண்டனில் இருக்கிறார். அடுத்த கிழமை வருகிறார். அம்மாவுக்கோ இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடக்கிறது. இருந்தால் எழும்ப ஆள் வேண்டும், எழும்பினால் இருக்க ஆள் வேண்டும். அப்படியிருந்தும் விடிந்ததும் விடியாததுமாக அடுப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு தாச்சியில் கிளறுகிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரியா என்று பல்லுத் தீட்டும்போது யோசித்தேன். மகளுக்குச் சீப்பால் தலை இழுக்கும்போது திரும்பவும் யோசித்தேன். என் யோசனைகள் ஒருநாளும் காரியமாவதில்லை, அதனால் என் தலைமுடி கொட்டுவதுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இருபது வருசத்துக்கு மேலாகத் தெரியும். அதைச் சொன்னால் அம்மா தாச்சியை இறக்கி வைத்துவிடுவார். முழங்கால் தப்பும். அம்மா தப்புவாரா என்பதுதான் தெரியவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது வன்னியில், வட்டக்கச்சியில். சண்டையால் பாதை பூட்டியிருந்த காலத்தில் இனிப்பு என்றால் தேத்தண்ணியோடு கடிக்கிற பனங்கட்டித் துண்டு. கடைப் போத்தலுக்குள் எப்போதாவது தோடம்பழ இனிப்பு வரும். அதை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் சூப்பிவிட்டு, எடுத்துத் தாளில் சுற்றிப் பின்னேரத்துக்கு வைப்போம். இதைச் சொன்னால் என் மகள், "ஏனம்மா, வேறை கடைக்குப் போயிருக்கலாமே?" என்கிறாள். அவளுக்கு ஐந்து வயது. போன மாதம் அவளுடைய முன்பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். நீலக் கிறீம் பூசிய மூன்று தட்டுக் கேக், உச்சியில் ஒரு பிளாஸ்ரிக் பொம்மை. சாப்பிட்ட பிள்ளைகள் எல்லாம் இரண்டு நாளைக்கு நாக்கு நீலமாகத் திரிந்தார்கள். தாய்மாருக்கு அது பெருமை. நான் மகளின் நாக்கைத் தேங்காய்த் தும்பால் தேய்க்காத குறை. அந்தக் கேக்கில் ஒரு சுவையும் இல்லை. படம் எடுக்கச் செய்த பண்டத்தை எதற்காகச் சாப்பிடக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த பிறந்தநாள் என் மகளுடையது. நானும் அப்படி ஒன்றுக்குச் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். என்னை என்ன செய்ய?

சரி, பெரியம்மாவுக்கு வருவோம். சமாதான காலத்தில் பாதை திறந்தார்கள். வெளிநாட்டுச் சொந்தங்கள் வரத் தொடங்கின. வாடகைக்குப் பிடித்த வானுக்குள்ளிருந்து முதலில் தண்ணீர்ப் போத்தல் இறங்கும், பிறகு கறுப்புக் கண்ணாடி, பிறகு "ஐயோ வெயில்" என்ற குரல், கடைசியில்தான் ஆள். அவர்கள் பிறந்த ஊரிலும் இதே வெயில்தான் எறித்தது. அது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

எங்கள் பெரியம்மா வந்ததில் கூடுதலாக ஒரு விசேஷம் இருந்தது. அம்மாவை லண்டனில் கட்டிக்கொடுக்கப் பெரியம்மா எல்லா ஒழுங்கும் செய்து வைத்திருந்தாராம். அம்மாவோ வட்டக்கச்சியில் வயல் செய்த அப்பாவைக் கட்டினார். அன்றிலிருந்து அக்காவுக்கும் தங்கச்சிக்கும் கதை பேச்சில்லை. நான் பிறந்ததற்கும் ஒரு கடிதம் இல்லை. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது சந்தியில் இருந்த தொலைபேசிக் கடைக்கு அழைப்பு வந்தது. பெரியம்மா ஒரு நாளைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாராம். அம்மா அங்கிருந்து வீடு வரைக்கும் ஓடி வந்தார். ஓடி வந்த கையோடு பயறு வாங்க ஆள் அனுப்பினார்.

மூன்று நாள் பயத்தம் பணியாரம் சுட்டார். பயற்றம் மாவும் தேங்காய்ப்பூவும் சீனிப்பாகும் மிளகும் ஏலமும் சேர்த்து உருட்டி, மாக் கரைசலில் தோய்த்துப் பொரித்தெடுக்கிற பணியாரம். பக்குவமாகச் சுட்டால் ஒரு மாதத்துக்குப் பழுதாகாது. பெரிய பால்மாத் தகரப் பேணி ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் காயவைத்து அதற்குள் அடுக்கினார். அந்த அடுக்கிலும் ஒரு முறை இருந்தது. வன்னியை விட்டு வெளியே போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் இயக்கத்தின் சோதனை, அந்தப் பக்கம் ஆமியின் சோதனை. பேணி என்றால் திறக்காமல் விடமாட்டார்கள்.

"மேலாலை உடைஞ்சதையும் கறுத்ததையும் வைச்சிருக்கிறன். திறந்து பாக்கிறவங்கள் அதை எடுத்துத் தின்னட்டும். கீழை கிடக்கிறதுதான் அக்காவுக்கு" என்றார் அம்மா.

"அப்ப எனக்கு?"

"உனக்குத் தாச்சியிலை ஒட்டினது கிடக்கு, போய்ச் சுரண்டு."

லண்டன்காரிக்கு முழுசு, சோதனைக்காரருக்கு உடைசல், சொந்தப் பிள்ளைக்குச் சுரண்டல். எங்கள் வீட்டு மரியாதை வரிசை இதுதான். நானும் போய்ச் சுரண்டினேன். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று எனக்குப் பெயர். இன்னொரு பெயரும் இருந்தது, கோள்மூட்டி. வீட்டில் நடந்ததை அயல் முழுக்கவும், அயலில் நடந்ததை வீட்டுக்குள்ளும் ஒன்றும் விடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

பெரியம்மா வந்தார். கதிரையில் கடுதாசித் துவாய் ஒன்றை விரித்துவிட்டு இருந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வாங்கி, ஆடை படியும் மட்டும் வைத்திருந்து, வாயில் படாமலே கீழே வைத்தார். "நீ இன்னும் இப்பிடியே இருக்கிறாயடி" என்றார் அம்மாவைப் பார்த்து. அது பாராட்டா பழியா என்று அம்மா யோசிக்கவில்லை. சிரித்தார். பிறகு என் முறை வந்தது.

"படிக்கிறியோ? எங்கை, இங்கிலீசிலை ஒரு பாட்டுச் சொல்லு பாப்பம்."

சொன்னேன். கைப்பையிலிருந்து ஒரு சொக்லேற் வந்தது. வான் சூட்டில் உருகித் திரும்ப இறுகி, யாரோ மிதித்த மாதிரி இருந்தது. மிச்சத்தை ஒரு பை நிறைய அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைத் தன் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் "அக்கா கொண்டந்தவா" என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார். எறும்பு மொய்த்து, வெள்ளை பூத்து, கடைசியாக என்னிடம் வந்தபோது அதில் பூச்சி உருண்டை மணம். இன்றைக்கும் எனக்குச் சொக்லேற் என்றால் அந்த மணம்தான். உலகம் முழுக்க அதற்காக ஏன் இப்படி நாக்கைத் தொங்கப் போடுகிறது என்று நினைப்பேன்.

வெளிக்கிடும்போது அம்மா பேணியை நீட்டினார். பெரியம்மா மூடியைத் திறந்து மணந்தார். "அம்மா சுட்ட மாதிரியே மணக்குதடி" என்றார். அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு வருசக் கோபம் அந்த ஒரு வசனத்தோடு தீர்ந்துவிட்டதாக அவர் நினைத்தார். பக்கத்தில் நின்ற நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பாவும் நானும் வழியனுப்பப் புளியங்குளம் வரைக்கும் வானில் போனோம். இந்தப் பக்கத்துச் சோதனை அங்கேதான், கண்ணுக்கெட்டுகிற தூரத்தில். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் சாரதி சோடா குடிக்க நிறுத்தினார். பெரியம்மா இறங்கினார், கையில் பேணி. நேரே கடைக்காரரிடம் போனார்.

"இந்தாங்கோ ஐயா, வீட்டிலை சுட்ட பலகாரம். ஆருக்கும் குடுங்கோ. எங்களுக்குச் சாமான் கூடிப்போச்சு. எண்ணெயும் கசியும்." பிறகுதான் அப்பா நிற்பது கண்ணில் பட்டது. "குறை நினையாதேங்கோ தம்பி."

"சீச்சீ, இதிலை என்ன. பாரமெல்லே" என்றார் அப்பா.

வான் போய்விட்டது. பஸ்ஸுக்காக அந்தக் கடையின் மர வாங்கிலேயே இருந்து காத்திருந்தோம். பேணி கண்ணாடிப் பெட்டிக்கு மேலே இருந்தது. கடைக்காரர் நல்ல மனுசன், அது எங்கள் வீட்டுப் பேணி என்று அவருக்குத் தெரியாது. உடைந்ததையும் கறுத்ததையும் ஒதுக்கிவிட்டு அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்தார். "இந்தா பிள்ளை, நல்லதாய் ஒண்டு." அம்மா சுட்ட பணியாரத்தை முழுசாக நான் முதன்முதலில் சாப்பிட்டது அங்கேதான், ஊர் பேர் தெரியாத ஒருவரின் கையால். அப்பா தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். நான் கடித்தேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மிளகு, பிறகு ஏலம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது. பெரியம்மாவை நினைத்தால் வருகிற வெறுப்பில் ஒரு பங்கை நான் என் மேலேயே வைத்திருப்பது அதனால்தான்.

பஸ்ஸில் அப்பா கேட்டார்.

"அம்மாட்டை என்ன சொல்லப்போறாய்?"

"ஒண்டும் சொல்லமாட்டன்."

"நீ ஒண்டும் சொல்லாட்டித்தான் அவளுக்கு விளங்கும். நீ வாயை மூடிக்கொண்டு இருக்கிற பிள்ளையே?" பஸ் ரிக்கற்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சோதனையை நான் சொல்லுறன். பெரியம்மாவை நீ சொல்லு."

அம்மா வாசல் படலையிலேயே நின்றார்.

"பேணியைத் திறந்தவங்களோ?"

"திறந்தவங்கள். மேலாலை கிடந்ததை எடுத்தவங்கள்" என்றார் அப்பா. அம்மாவுக்குத் தன் கெட்டித்தனத்தை நினைத்து முகமெல்லாம் சிரிப்பு.

"பெரியம்மா என்னவாம்?" என்று என்னைக் கேட்டார்.

"ஆருக்கும் குடுக்க மாட்டாவாம். பிளேனிலை மடியிலை வைச்சுக்கொண்டு போவாவாம்."

கோள்மூட்டி சொன்னால் அம்மா நம்பாமல் இருப்பாரா? அந்த மடிக் கதையை ஊர் முழுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு லண்டன் போகிற ஒருவரையும் வெறுங்கையோடு விடவில்லை. சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்தபோதும் நிவாரணச் சீனியை மிச்சம் பிடித்து ஒரு பேணி அனுப்பினார். அந்த வருசம் நாங்கள் தேத்தண்ணியை வெறுமையாகக் குடித்தோம். என் ஒரு வசனத்துக்கு அம்மா இவ்வளவு காலமாகப் பயறு வறுக்கிறார். பொய் என்று சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் பேணி போய்ச் சேர்ந்துவிடும்.

இன்று காலை ஒரு துணிவு வந்தது, லண்டனில் விடியும் மட்டும் அதைப் பிடித்து வைத்திருந்தேன். வீட்டு வளவுக்குள் போய் நின்று பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தேன்.

"பெரியம்மா, அண்டைக்குப் புளியங்குளத்திலை, தேத்தண்ணிக் கடையிலை, அம்மாவின்ரை பேணியைக் குடுத்திட்டுப் போனீங்களெல்லே?"

"எந்தப் பேணி பிள்ளை?"

"பயத்தம் பணியாரம். பால்மாப் பேணியிலை."

"அப்பிடியே? எனக்கு ஞாபகமில்லையடி. உங்கடை வீட்டுத் தேத்தண்ணி குடிச்சு எனக்கு இரண்டு நாள் வயித்தாலை போனது. அது மட்டுந்தான் ஞாபகம்."

குடிக்காத தேத்தண்ணிக்கு இரண்டு நாள் வயிற்றால் போன ஒரே ஆள் எங்கள் பெரியம்மாவாகத்தான் இருப்பார். நான் இத்தனை வருசமாக ஒரு துரோகத்தைக் கட்டிக் காத்திருந்தேன். அவருக்கோ அது சாமான் கூடிப்போன ஒரு பின்னேரம். அதுகூட ஞாபகத்தில் இல்லை. திட்டுவதற்கென்று அடுக்கி வைத்திருந்த வசனங்களில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

"இந்த முறையும் சுடுறாளோ?" என்று அவரே கேட்டார். "இங்கை ஆர் சாப்பிடுறது? பிள்ளையள் தொடாதுகள். எனக்குச் சீனி வருத்தம். அவள் ஏன் கிடந்து மாயுறாள்? நீ படிச்ச பிள்ளை, பக்குவமாய் எடுத்துச் சொல்லன்."

படித்த பிள்ளைக்குக் கடைசியில் கிடைத்த வேலை. சாமான் கூடிப்போனால் இறக்கிவிட அவருக்கு எப்போதும் ஒரு ஆள் இருக்கும்.

பக்குவமாகச் சொல்வது என்றே குசினிக்குள் போனேன். அம்மா கடைசியாக வறுத்த பயற்றைச் சுளகில் கொட்டிப் பரவிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"ஆரடி ஃபோனிலை? அக்காவோ? என்னவாம்?"

வாயைத் திறந்தேன்.

"மிளகு கொஞ்சம் கூடப் போடட்டாம்."

"பாத்தியே! எனக்குத் தெரியும், அவாவுக்கு உறைப்புக் காணாது" என்றார் அம்மா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழும்பி மிளகுப் போத்தலை எட்டி எடுத்தார்.

செய்தது சரியோ பிழையோ, இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். புளியங்குளத்தில் அந்தக் கடை இல்லை. சண்டைக்குப் பிறகு அது இருந்த இடத்தைக் கூட என்னால் மட்டுக்கட்டி அடையாளம் காண முடியவில்லை. சோதனைகளும் இல்லை, கொழும்பு வரைக்கும் ஒரு பேணியையும் யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. நாலு வருசத்துக்கு முதல் அப்பாவும் போய்விட்டார். அன்றைக்குப் பொய்யில் பாதியை அவர் சொன்னார், பாதியை நான் சொன்னேன். இன்றைக்கு முழுவதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது.